எமன் வேடத்தைக் கலைத்த வாத்தியார்
சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கைக் கதை

நடு இரவு. நாடகக் கொட்டகையில் நல்ல கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாதிக் குழந்தைகள் தாயின் மடியில் தூங்கிவிட்டன.

மேடையில் சாவித்திரி நாடகம். சத்தியவான் காட்டில் விறகு வெட்டுகிறான். தலை சுற்றுகிறது என்று மனைவியின் மடியில் சாய்கிறான். அவனுடைய ஆயுள் முடிந்துவிட்டது. அது சாவித்திரிக்குத் தெரியும். கொட்டகையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

எமன் வந்தான்.

கரிய உருவம். உருட்டி விழிக்கும் கண்கள். கையில் பாசக்கயிறு. அவன் போட்ட அதட்டலில் கொட்டகையே நடுங்கியது.

பெண்கள் பக்கத்தில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். அந்த எமனைக் கண்ட அதிர்ச்சியில் அவளுடைய கரு கலைந்துவிட்டது.

தமிழ் நாடக உலகில் இன்றுவரை தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி இது. அன்று எமன் வேடம் போட்டவர் பெயர் சங்கரதாஸ். பின்னாளில் தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று நாடே போற்றிய சங்கரதாஸ் சுவாமிகள் அவர்தான்.

அவர் ஏன் வேடத்தைக் கலைத்தார்? கலைத்த பிறகு என்ன செய்தார்? அதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

கணக்கப்பிள்ளையின் மகன்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்ற ஊரில் 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பிறந்தார், சங்கரன். தந்தை தாமோதரக் கணக்கப்பிள்ளை. தாயார் பேச்சியம்மாள்.

தந்தை தமிழ் படித்தவர். இராமாயணத்தில் தேர்ந்தவர். மகனுக்கு முதல் ஆசிரியர் அவர்தான். வீட்டிலேயே தமிழ் கற்ற சங்கரன், பிறகு வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். பதினாறு வயதுக்குள் வெண்பாவும் கலித்துறையும் அவருக்குக் கைவந்தன.

ஆனால் வெண்பா சோறு போடுமா? தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலைக்குப் போனார். பகலில் மூட்டைக் கணக்கு. மனத்திலோ பாட்டும் தாளமும்.

எத்தனை நாள்தான் அப்படி இருக்க முடியும்? 1891-ம் ஆண்டு. அவருக்கு வயது 24. வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் நாடகக்காரன் என்றால் பலருக்கு இளப்பம். பெண் கொடுக்க மாட்டார்கள். வாடகைக்கு வீடு கொடுக்க யோசிப்பார்கள். படித்த குடும்பத்துப் பிள்ளை, அதுவும் கவி பாடத் தெரிந்தவர், நாடகத்தில் சேருவது லேசான காரியம் அல்ல. அவர் சேர்ந்தார். கடைசிவரை திருமணமே செய்துகொள்ளவில்லை. நாடகமே அவருக்குக் குடும்பம் ஆயிற்று.

பயங்கர வேடங்கள்

அவருக்குக் கிடைத்தவை எல்லாம் முரட்டு வேடங்கள். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். இவைதான் அவருக்கு வெகு பொருத்தம் என்று கம்பெனிக்காரர்கள் கண்டுகொண்டார்கள்.

அப்போது மின்சார விளக்கு இல்லை. எண்ணெய் விளக்கின் மங்கலான வெளிச்சம்தான். முகத்தில் பூசிய கருப்பும் சிவப்பும் அந்த வெளிச்சத்தில் பத்து மடங்கு பயங்கரமாகத் தெரியும். சினிமா இல்லாத காலம். எமன் எப்படி இருப்பான் என்பதை ஜனங்கள் புராணத்தில் கேட்டிருப்பார்கள். கோவில் சுவரில் பார்த்திருப்பார்கள். ஆனால் அவன் நடந்து வருவதையும், கத்துவதையும் அவர்கள் கண்டது நாடக மேடையில்தான்.

அதனால் எமன் வெற்றி பெற்றான். அந்த வெற்றிதான் வினையாக முடிந்தது.

விடியற்காலையில் நடந்தது

கர்ப்பிணிப் பெண்ணின் கதையோடு இன்னொரு கதையையும் நாடகக்காரர்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் இரவு நளதமயந்தி நாடகம். சங்கரதாஸ் சனீஸ்வரன். நாடகம் முடியும்போது விடியும் நேரம். உடம்பெல்லாம் சாயம். வேடத்தைக் கழுவிக் குளிக்கலாம் என்று அந்த வேடத்தோடேயே நீர்நிலைக்குப் போனார்.

மங்கலான இருட்டு. அங்கே துணி வெளுக்க வந்த ஒரு பெண் தலைநிமிர்ந்து பார்த்தாள். எதிரே சனீஸ்வரன்! அவள் அலறிக்கொண்டு விழுந்தாள். உயிர் போய்விட்டது.

இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பெரிய வேறுபாடு தெரியும்.

முதல் பெண் நாடகம் பார்க்க வந்தவள். வருவது எமன் அல்ல, எமன் வேடம் போட்ட மனிதன் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அச்சம் அறிவை மீறிவிட்டது.

இரண்டாவது பெண் நாடகத்துக்கே வராதவள். அவளுக்குத் திரையும் இல்லை, மேடையும் இல்லை. எதிரே வந்தது வேடம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.

முதல் நிகழ்ச்சியில் தவறியது அளவு. இரண்டாவது நிகழ்ச்சியில் தவறியது எல்லை.

சட்டப்படி பார்த்தால் அவர் மீது குற்றம் இல்லை. யாரும் அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கவும் இல்லை. தன் தொழிலைத்தான் செய்தார். ஆனால் அவருடைய மனம் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. இனி வேடம் கட்டுவதில்லை என்று முடிவு செய்தார். பேரும் புகழும் ஏறிக்கொண்டிருந்த வேளையில் அரிதாரத்தைத் துடைத்துவிட்டார்.

மாயைக்கும் விதி உண்டு

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் நடித்த கதைகளிலேயே மாயைக்கு விதிகள் இருந்தன.

தமயந்தியின் சுயம்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் நளனுக்கு மாலையிட வருகிறாள். பார்த்தால் ஒரு நளன் அல்ல, ஐந்து நளன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! இந்திரன், அக்கினி, எமன், வருணன் ஆகிய நான்கு தேவர்களும் நளனைப் போலவே உருவம் எடுத்து வந்துவிட்டார்கள். தேவர்களின் மாயைக்கு முன்னால் ஒரு பெண் என்ன செய்வாள்?

கதை அவளைக் கைவிடவில்லை. தேவர்களின் கண் இமைக்காது. அவர்கள் கால் நிலத்தில் படாது. அவர்கள் கழுத்து மாலை வாடாது. தமயந்தி இவற்றைப் பார்த்தாள். கண் இமைக்கிறவன், கால் தரையில் படுகிறவன், மாலை வாடியவன் எவனோ அவனே நளன் என்று கண்டுகொண்டாள். உருவத்தை மாற்றிய தேவர்களாலும் இந்த அடையாளங்களை மறைக்க முடியவில்லை. உற்றுப் பார்ப்பவள் தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது.

சனீஸ்வரனும் அப்படித்தான். நளனைப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. ஆனால் நினைத்தவுடன் பிடிக்க முடியாது. பல காலம் காத்திருந்தான். ஒரு நாள் நளன் கால் கழுவும்போது குதிகாலில் ஓரிடத்தில் தண்ணீர் படவில்லை. அந்தச் சின்னப் பிழை வழியாகத்தான் சனி புகுந்தான். பிழை செய்யாதவனைச் சனியாலும் தொட முடியாது.

எமன் கதை என்ன? கணவன் உயிரைத் தவிர வேறு வரம் கேள் என்கிறான். சாவித்திரி பிள்ளை வரம் கேட்கிறாள். யோசிக்காமல் கொடுத்துவிடுகிறான். கணவன் இல்லாமல் பிள்ளை ஏது? தன் சொல்லில் தானே கட்டுண்டு, சத்தியவான் உயிரைத் திருப்பித் தருகிறான். எமனுக்கே விதி இருக்கிறது.

கதையில் வரும் எமனுக்கு விதி இருந்தது. எமன் வேடம் போட்ட மனிதனுக்குத்தான் விதி இல்லை. எவ்வளவு பயமுறுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும், வேடத்தோடு எதுவரை போகலாம் என்பதை எல்லாம் யாரும் வகுத்து வைக்கவில்லை. அந்தக் குறை இரண்டு குடும்பங்களைத் தாக்கியது.

திரைக்கு முன்னால் நின்றார்

வேடத்தை விட்டவர் நாடகத்தை விடவில்லை. சாமி நாயுடு நாடக சபையில் ஆசிரியரானார். அங்கே அவர் ஏற்றது சூத்திரதாரர் பொறுப்பு.

சூத்திரதாரர் என்றால் யார்? நாடகம் தொடங்கும்போது திரைக்கு முன்னால் வருகிறவர். இன்று நடக்கப்போவது இன்ன கதை, வரப்போகிறவர் இன்னார் என்று சபையோருக்குச் சொல்லுகிறவர். சுருக்கமாகச் சொன்னால், இது நாடகம் என்பதை முதலிலேயே ஜனங்களுக்கு நினைவூட்டுகிறவர்.

எமனாக வந்து அலற வைத்தவர், இப்போது திரைக்கு முன்னால் நின்று கதை சொன்னார். எவ்வளவு பெரிய மாறுதல்!

பிறகு சில காலம் அதையும் விட்டார். காவி உடுத்தினார். தலம் தலமாகச் சென்றார். அன்றுமுதல் சங்கரதாஸ், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார்.

அலைந்தவரை நிறுத்தியது புதுக்கோட்டை. அங்கே கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை இருந்தார். தாளக் கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் சுவாமிகளைத் தம் மகனைப் போலவே ஏற்றுக்கொண்டார். லய ஞானத்தைக் கற்றுக்கொடுத்தார். மீண்டும் நாடகத்துக்குப் போகும்படி தூண்டியவரும் அவரே.

சுவாமிகள் திரும்பி வந்தார். இந்த முறை நடிகராக அல்ல. நாடகம் எழுதுகிறவராக, சொல்லிக்கொடுக்கிறவராக, அதாவது வாத்தியாராக வந்தார்.

வாத்தியார் போட்ட வேலி

அந்நாளைய நாடக மேடை எப்படி இருந்தது? கதை ஒன்று இருக்கும். ஆனால் வசனம் ஒழுங்காக இராது. நடிகர்கள் வாயில் வந்ததைப் பேசுவார்கள். ஒருவர் பாட்டை மற்றொருவர் பாடிவிடுவார். ஒருவரை மட்டம் தட்ட இன்னொருவர் கதைக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி கேட்பார். சிலர் குடித்துவிட்டும் வருவார்கள். எதிரே நிற்பவர் திணறிப்போனால் கூட்டம் கைதட்டும். கதை குட்டிச்சுவராகும்.

சுவாமிகள் இதற்கு வேலி போட்டார். கதையை எழுதினார். பாட்டையும் வசனத்தையும் எழுதினார். யார் எப்போது வருவது, எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டு பதில், எங்கே வசனம் முடிந்து பாட்டு எழுவது எல்லாம் ஒரு வரிசைக்கு வந்தன.

சுமார் 40 நாடகங்கள் எழுதினார் என்பது பொதுவான கணக்கு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், சதி அனுசூயா, லவகுசா ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் கதையைக்கூடத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

எழுதும் வேகம் வியப்பானது. அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் விளக்கு வைத்துக்கொண்டு எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே.சண்முகம் பதிவு செய்திருக்கிறார். சிறுவனாக இருந்த சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காகவே எழுதப்பட்ட நாடகம் அது.

ஆனால் வேலி போட்டால் போதுமா? பெரிய நடிகர்கள் அதைத் தாண்டிக் குதித்தார்கள். பழகிய கை. மாற்ற முடியவில்லை. ஆகவே சுவாமிகள் சிறுவர்களைத் தேடினார். 1910-ம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் பாட்டால் தமிழகத்தையே மயக்கிய எஸ்.ஜி.கிட்டப்பா, அங்கே பயின்றவர்களில் ஒருவர். 1918-ம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. சுவாமிகள் அதற்கு ஆசிரியர். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது!

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை சுகமானது அல்ல. வீட்டை விட்டு வந்த பிள்ளைகள். இரவெல்லாம் நாடகம், பகலில் பாடம். சுவாமிகள் வெகு கண்டிப்பானவர். உச்சரிப்பு பிசகினால் விடமாட்டார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பின்னாளில் புகழ் பெற்ற அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அவரைத் தெய்வமாகவே வணங்கினார்கள்.

வேலன், வேடன், விருத்தன்

சுவாமிகளின் நாடகங்களில் இன்றும் அதிகமாக நடப்பது வள்ளி திருமணம். அந்தக் கதை முழுவதும் மாறுவேடம்தான். முருகன் வேடனாக வருகிறான். வேங்கை மரமாக நிற்கிறான். கிழவனாகத் தள்ளாடி வருகிறான். இத்தனை மாயையையும் ஒரு குறப்பெண் மீது ஏவினால் அது நியாயம் ஆகுமா?

கதை நடக்கும் முறையைப் பாருங்கள்.

முதலில், சபையோருக்கு எதுவும் ஒளிக்கப்படுவதில்லை. நாரதர் வள்ளியின் அழகை முருகனிடம் சொல்லும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது. வருகிற வேடன் யார் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டாவது, வள்ளி கேள்வி கேட்கலாம். நீ யார், எந்த ஊர், என் புனத்துக்கு ஏன் வந்தாய் என்று அவள் மடக்குவாள். வேடன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியே தீர வேண்டும். இதற்குத்தான் தர்க்கம் என்று பெயர். நாடகத்தின் உயிரே அதுதான். கடவுள் என்றாலும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

மூன்றாவது, வேடனின் மாயை தோற்றுப்போகிறது! வள்ளி மசியவில்லை. ஆகவே கிழவனாக வர வேண்டியிருக்கிறது. தேனும் தினைமாவும் கேட்டு, விக்கி, தண்ணீர் குடித்து, எல்லாம் செய்தும் அவள் இணங்கவில்லை. கடைசியில் அண்ணன் விநாயகரை யானையாக அழைக்கிறான். வள்ளி பயந்து கிழவனைக் கட்டிக்கொள்கிறாள்.

யானையைக் காட்டிப் பயமுறுத்திச் சம்மதம் வாங்கலாமா? பார்க்கிற பெண்களுக்கு இது தோன்றாமல் இராது. நியாயமான கேள்விதான். முருகன் தன் சொந்த உருவத்தைக் காட்டுகிற வரை திருமணம் இல்லை என்பதுதான் கதை தரும் பதில். வேடம் கலைந்த பிறகே, யார் என்று தெரிந்த பிறகே, வள்ளி அவனை ஏற்கிறாள். இந்தப் பதில் போதாது என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் நினைப்பதிலும் தவறு இல்லை.

ஒத்திகை இல்லாத நாடகம்

சுவாமிகள் போட்ட வேலி எவ்வளவு உறுதியானது என்பதை ஸ்பெஷல் நாடகத்தில் காணலாம்.

ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர். ஸ்திரீபார்ட் வேறு ஊர். பபூன் மூன்றாவது ஊர். ஆர்மோனியக்காரர் நான்காவது ஊர். தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. மாலையில் வந்து இறங்குவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் மேடை ஏறுவார்கள். விடிய விடிய நாடகம் நடக்கும்!

முன்பின் சேர்ந்து நடிக்காதவர்கள் எப்படி நடிக்கிறார்கள்? எல்லோரும் ஒரே பாடத்தைக் கற்றவர்கள். அந்தப் பாடம் சுவாமிகளுடையது. வள்ளி இந்தப் பாட்டைப் பாடினால் வேடன் அந்தப் பாட்டை எடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். நடுவில் சொந்தமாகப் பேச இடம் உண்டு. அன்றைய ஊர் நடப்பையும் சேர்ப்பார்கள். ஆனால் சுற்றிவிட்டுக் கதைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். விதி இருப்பதால்தான் சுதந்திரம் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்

தென்பாண்டிச் சீமை நாடக ரசனைக்குப் பெயர் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்து ஜனங்களுக்கு வேடம் புதிது அல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலில் மார்கழியில் அரையர் சேவை நடக்கிறது. தலையில் கூம்பு போன்ற குல்லாய், கையில் தாளம். அரையர் பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிப்பார். அரையர் சேவையில் முத்துக்குறி என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஒருவரே தாயாகவும், மகளாகவும், குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் ஆவார். உடையை மாற்றுவதில்லை, சாயம் பூசுவதில்லை. ஆனாலும் மூன்று பேரையும் நாம் காண்கிறோம். யாரும் ஏமாறவும் இல்லை. யாரும் பயப்படவும் இல்லை.

அந்த ஊரின் பெருமையே ஒரு பாவனைதான் அல்லவா? பெரியாழ்வார் வளர்த்த பெண் தன்னை ஆயர்பாடிச் சிறுமியாக எண்ணிக்கொண்டாள். வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகப் பாவித்து நோன்பு நோற்றாள். அந்தப் பாவனை யாரையும் வஞ்சிக்கவில்லை. நாட்டுக்குப் பாட்டைத் தந்தது.

வேடம் போட்டும் ஏமாற்றலாம். வேடம் போடாமலும் மெய்மறக்கச் செய்யலாம். சுவாமிகள் பட்டுத் தெரிந்துகொண்ட உண்மையும் இதற்கு அருகில்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலும் அதே கேள்வி

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியது அல்ல. 1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ஒரு புது விளையாட்டை வெளியிட்டார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று அதற்குப் பெயர். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் வீரன், ஒருவர் திருடன், ஒருவர் மந்திரவாதி என்று பாத்திரம் ஏற்பார்கள். நடுவர் ஒருவர் கதையை நடத்துவார். சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள்.

அதில் மாயவித்தைக்காரனும் உண்டு. அவன் இல்லாத சுவரை இருப்பதாகக் காட்டுவான். இல்லாத நெருப்பைக் காட்டுவான். உடனே சச்சரவு எழும். எதிரி அதை நம்பியே ஆக வேண்டுமா? சந்தேகப்பட அவனுக்கு வாய்ப்பு உண்டா? பொய் நெருப்பு சுடுமா? ஆகவே விதி வகுத்தார்கள். எதிராளிக்கு மாயையைக் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்பு தர வேண்டும் என்றார்கள். பயத்தினாலேயே ஆளைக் கொல்லும் மாயை ஒன்றும் அந்த விளையாட்டில் இருக்கிறது. அதற்கும் தப்பும் வழி வைத்திருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சங்கரதாஸ் சுவாமிகளைத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஆனால் அவர்கள் மேஜையில் பகடை உருட்டித் தீர்த்த வழக்கு, தமயந்தியின் சுயம்வரத்தில் கண் இமையைப் பார்த்துத் தீர்ந்த வழக்குதான். அங்கே தோற்றால் மறுபடியும் ஆடலாம். நாடக மேடையிலும் ஆற்றங்கரையிலும் போன உயிர் திரும்பாது. அதனால்தான் சுவாமிகளின் சுமை பெரிது.

பேச்சு நின்றது

பால சபை ஊர் ஊராகச் சென்று நடித்தது. சுவாமிகளும் கூடவே சென்றார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்தது. பேச்சும் போயிற்று.

ஆயிரக்கணக்கான வசனங்களைப் பிறர் வாயில் ஊட்டியவர் வாய் பேச முடியாமல் இருந்தார். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது பேசிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மேடையில் பாடினார்கள். வேலி நின்றுவிட்டது, தோட்டக்காரர் இல்லாமலே பயிர் வளர்ந்தது.

1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

அவர் சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. மனைவி மக்கள் இல்லை. ஆனால் 1967-ம் ஆண்டில் அவருடைய நூற்றாண்டு வந்தபோது, கொண்டாட மாணவர்கள் இருந்தார்கள். மதுரையில் நாடக நடிகர்கள் அவருக்குக் குருபூசை நடத்துகிறார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முகம் கழுவும் நேரம்

இன்றும் அம்மன் கோவில் பொங்கல் என்றால் தென்னாட்டுக் கிராமங்களில் நாடகம் வைப்பது உண்டு. சினிமா வந்தது, டெலிவிஷன் வந்தது, கைபேசி வந்தது. ஆயினும் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு வள்ளியின் தர்க்கம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சாவித்திரி நாடகம் நடந்தால் எமன் வருவான். குழந்தைகள் அழும். அழத்தான் செய்யும். அப்போது தாய் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டு, அது எமன் இல்லை, வேடம் போட்ட மாமா என்று காதில் சொல்லுவாள். குழந்தை மெதுவாகத் தலையைத் தூக்கி மறுபடியும் பார்க்கும். இந்த முறை பயத்தோடு கொஞ்சம் சிரிப்பும் இருக்கும்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல, துணி வெளுக்க வந்த அந்தப் பெண்ணின் பக்கத்தில் யாரும் இல்லை. அதைத்தான் சங்கரதாஸ் சுவாமிகளால் மறக்க முடியவில்லை.

பொழுது விடிந்ததும் நடிகர்கள் முகம் கழுவுவார்கள். கருப்புச் சாயம் வழிந்து ஓடும். எமன் போய் மனிதன் வருவான். ஊரார் கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு முதல் பஸ்ஸுக்கு நடப்பான். எதிரே தண்ணீர்க் குடத்தோடு வரும் பெண்கள் அவனைப் பார்ப்பார்கள். பயப்பட மாட்டார்கள். ராத்திரி நன்றாக நடித்தீர்கள் அண்ணே என்று சொல்லிவிட்டுத் தங்கள் வழியே போவார்கள்.